மினாராவின் குரல்: பாங்கும் ஒலிபெருக்கியும் – ஒரு வரலாற்றுப் பார்வை



நம் ஆண்டறிக்கையின் வரவு செலவுப் பக்கத்தில் "ஒலிபெருக்கி பழுது பார்த்த வகையில்" என்றொரு வரி ஆண்டுதோறும் இடம்பெறுகிறது. பள்ளிவாசலுக்கு வெள்ளையடித்த செலவுக்கும், ஹவுளுக்கு மோட்டார் வாங்கிய செலவுக்கும் நடுவே அது ஒதுங்கிக் கிடக்கும். நம்மில் பெரும்பாலோர் அதைப் படிக்காமலே பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆனால், அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஆயிரத்து நானூறு ஆண்டு வரலாறும், கோவிலூரில் நாம் பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு பாடமும் இருக்கின்றன. அவ்விரண்டையும் இம்மலரின் வாயிலாக ஜமாஅத்தார் முன் வைக்க விழைகிறோம்.

பழுது சொன்ன பாடம்

சில ஆண்டுகளுக்கு முன்பு நம் பள்ளிவாசலின் பாங்கோசை சிறிது சிறிதாக மங்கத் தொடங்கியது. கிழக்குத் தெருவில் வசிப்போர், "பாங்கு கேட்கவில்லை" என்று குறைப்பட்டனர். நாம் செய்தது ஒன்றே ஒன்றுதான்: ஆம்ப்ளிஃபயரின் திருகைக் கொஞ்சம் கூட்டி வைத்தோம். ஒரு மாதம் கழித்து மீண்டும் அதே குறை வந்தது, மீண்டும் கூட்டினோம். கிழக்கே ஓசை கூடியபாடில்லை. மேற்கு நோக்கிய குழாய் மட்டும் கிழிந்த தகரத்தைப் போல இரையத் தொடங்கியது. மேற்குத் தெருவில் வசிக்கும் இந்துச் சகோதரர் ஒருவர், பொதுத் தேர்வுக்குப் படிக்கும் மகளை வீட்டில் வைத்திருப்பவர், ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் வாசலில் வந்து நின்றார். "பாங்கு எங்களுக்குப் பழகினதுதான் பாய். இந்தக் கரகரப்பைத்தான் தாங்க முடியல" என்று தயக்கத்தோடு சொன்னார். பார்க்கிறோம் என்று சொல்லி அனுப்பினோம், பார்க்கவில்லை.

அந்த ஆண்டு ரமலானில் ஒரு மாலை, கிழக்குக் குழாய் அறவே ஊமையாயிற்று. கிழக்குத் தெருவின் கடைசி வீட்டில் தனித்திருக்கும் கண்பார்வை குன்றிய பெரியவர் ஒருவர், நோன்பு திறக்கும் நேரம் கடந்த பின்னும் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாங்குக்காகக் காத்திருந்தார் என்ற செய்தி மறுநாள்தான் நமக்கு எட்டியது. அன்றே மினாராவில் ஆள் ஏற்றிப் பார்த்தோம். குழாயின் தொண்டையில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. பின்புற யூனிட்டினுள் மழைநீர் இறங்கித் துருவேறியிருந்தது. நாம் கூட்டிக் கூட்டி வைத்த மின்திறனைத் தாங்காமல் உள்ளிருந்த காயில் கருகிப் போயிருந்தது.

குறை ஓசையின் அளவில் இல்லை. நம் கவனத்தில் இருந்தது. கிழக்கே இருந்த பெரியவரும் மேற்கே இருந்த சகோதரரும் சொன்னது ஒரே குறையைத்தான். இந்த உண்மையை உணர்ந்த பிறகே பாங்குக்கும் இக்கருவிக்கும் உள்ள தொடர்பின் வரலாற்றை நாம் தேடிப் படிக்கலானோம்.

கருவிகளுக்கு முன் ஒலித்த குரல்

இஸ்லாத்தின் முதல் முஅத்தினான ஹழ்ரத் பிலால் (ரலி) அவர்கள் மதீனாவில் பாங்கு சொன்ன காலத்தில் மினாரா கிடையாது. மஸ்ஜிதுந் நபவியை அடுத்திருந்த வீடுகளில் உயரமானது, பனூ நஜ்ஜார் குலத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணியின் வீடு. அதன் கூரை மீதேறி அவர்கள் ஸுப்ஹு பாங்கு சொன்னதாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றியின்போது கஅபாவின் மீதேறிப் பாங்கு முழங்கியதும் அவர்களே. உமையாக்களின் ஆட்சியில், கி.பி. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மஸ்ஜிதுந் நபவி விரிவாக்கப்பட்டபோது, அதன் நான்கு மூலைகளிலும் மினாராக்கள் எழுந்தன. ஓசையை அதிகமாக்க அந்நாளில் இருந்த வழி, உயரத்தை அதிகமாக்குவது ஒன்றே.

நம் தமிழகத்துப் பழம்பள்ளிகள் அந்த உயரத்தையும் நாடவில்லை. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் பழைய கற்பள்ளிகள் இம்மண்ணின் கட்டடக்கலை மரபில் எழுந்தவை. ஓங்கிய மினாராக்கள் அவற்றின் இயல்பான அங்கமாக இருந்ததில்லை. மோதினார் பள்ளியின் மேல்தளத்திலோ மேடையிலோ நின்று குரலெடுப்பார். பல ஊர்களில் பாங்குக்கு முன் நகரா முழக்குவதும் உண்டு. ரமலான் இரவுகளில் பக்கீர்சாமார் தாயிரா கொட்டித் தெருத்தெருவாகச் சென்று சஹருக்கு எழுப்பிய காலத்தை மூத்தோர் பலர் இன்றும் நினைவுகூர்வர்.

மோதினார் காதுகளில் விரலை வைத்துக்கொள்வதும், தொழுகைக்கும் வெற்றிக்கும் அழைக்கும் வாசகங்களின்போது வலமும் இடமுமாக முகம் திருப்புவதும் தொன்றுதொட்டு வரும் வழக்கம். நான்கு திசையிலும் உள்ள அண்டை வீட்டாருக்கு அழைப்பு சேர வேண்டும் என்ற அக்கறை அந்தத் திருப்பத்திலேயே தெரிகிறது. இந்த அக்கறைதான் பாங்கின் உயிர். பின்னாளில் வந்த கருவிகள் அனைத்தும் இதற்குப் பணிபுரியவே வந்தன என்பதை மறத்தலாகாது.

குரலைப் பெருக்கிய கருவி

ஒலிபெருக்கி பிறந்தது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில். டென்மார்க்கில் பிறந்த பீட்டர் ஜென்சன், அவருடைய கூட்டாளி எட்வின் பிரிதாம் ஆகிய இருவரும் நாப்பா என்னும் சிற்றூரில் ஆய்வு நடத்தி, காந்தப் புலத்தில் அசையும் கம்பிச் சுருளைக் கிராமபோன் குழாயுடன் இணைத்தனர். 1915 டிசம்பர் 24 அன்று சான் பிரான்சிஸ்கோ நகர மன்றத்தின் முன் திரண்ட பெருங்கூட்டத்துக்கு அக்கருவி பேச்சையும் இசையையும் கொண்டு சேர்த்தது. 1919இல் சான் டியாகோ நகரில் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் அதன் வழியாகவே உரையாற்றினார். மனிதக் குரல் எட்டக்கூடிய எல்லை சில ஆண்டுகளிலேயே பன்மடங்கு விரிந்துவிட்டது.

அக்கருவி பள்ளிவாசலுக்கு வந்த வரலாற்றில் தமிழ் முஸ்லிம்களுக்கும் தொடர்புண்டு என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. பாங்குக்கு ஒலிபெருக்கி பொருத்தப்பட்டதாக அறியப்படும் மிகப் பழைய நிகழ்வு, 1936இல் சிங்கப்பூர் கம்போங் கிளாமில் உள்ள சுல்தான் பள்ளிவாசலில் நடந்தது. இன்று காணப்படும் அதன் கட்டடம் 1932இல் நிறைவுற்றது. 1914இல் அமைந்த அதன் அறங்காவலர் குழுவில் மலாய்க்காரர், ஜாவானியர், பூகிஸ், அரபியர், வட இந்திய முஸ்லிம்கள் ஆகியோருடன் தமிழ் முஸ்லிம்களும் இடம்பெற்றனர். அன்றைய இராமநாதபுரம் ஜில்லாவிலிருந்தும் கப்பலேறிச் சென்று சிங்கப்பூரில் பிழைத்தோர் பலர். அவர்களின் செவிகளிலும் அந்த மினாராவின் புதிய ஓசை விழுந்திருக்கும்.

ஒரு மைலுக்கு அப்பாலும் பாங்கு கேட்கும் என்று அக்காலச் செய்திகள் வியந்தன. மூத்தோர் சிலர் இதை விரும்பவில்லை. ஆனால், நகரத்து இரைச்சலை மீறி மோதினாரின் குரல் கேட்க வேண்டும் என்ற கருத்தே மேலோங்கியது. உலமாப் பெருமக்களிடையேயும் இக்கருவி பற்றிய விவாதம் நெடுநாள் நடந்தது. பாங்குக்குப் பயன்படுத்தலாம் என்பது விரைவில் பரவலாக ஏற்கப்பட்டது; தொழுகையிலும் குத்பாவிலும் பயன்படுத்துவது குறித்தே விவாதம் நீண்டது.

இந்தியாவில் இக்கருவி முதலில் பரவியது அரசியல் மேடைகளின் வழியாக. மோத்வானே குடும்பத்தின் 'சிகாகோ ரேடியோ' நிறுவனம், 1931 கராச்சி காங்கிரஸ் மாநாடு தொட்டுத் தேசிய இயக்கத்தின் பெருங்கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி அமைத்துக் கொடுத்தது. 1942 ஆகஸ்டு 8 அன்று பம்பாய் கோவாலியா குளம் மைதானத்தில் காந்தியடிகள் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானத்தையொட்டிப் பேசியபோது மக்களுக்குக் கேட்டதும் அந்நிறுவனத்தின் ஒலிபெருக்கிகள் வழியேதான். பின்னர் உள்நாட்டிலேயே ஆம்ப்ளிஃபயர்களும் குழாய்களும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கின. கல்யாண வீடுகளிலும், திருவிழாக்களிலும், தேர்தல் கூட்டங்களிலும் 'மைக் செட்' இடம்பிடித்தது; கோயிலிலும் சர்ச்சிலும் பள்ளிவாசலிலும் நிலையாகக் குடியேறியது. மவுத்து அறிவிப்பும், பிறை தென்பட்ட செய்தியும், காணாமற்போன குழந்தையைப் பற்றிய அறிவிப்பும் அதே குழாய் வழியே ஊருக்குச் சேர்ந்தன.

ஒன்றை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். பாங்குக்கு வயது ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கும் மேல். ஒலிபெருக்கி பள்ளிவாசலுக்கு வந்து இன்னும் நூறாண்டு நிறையவில்லை. கருவி இல்லாமல் பாங்கு இருந்தது, இனியும் இருக்கும். கருவி நம் வசதிக்காக வந்தது. வக்ஃபுப் பணத்தில் வாங்கியது ஆகையால் நம் கையில் அது அமானிதமாகவும் இருக்கிறது.

குழாய் எவ்வாறு வேலை செய்கிறது?

குழாயின் பின்னே உருண்டையாகக் காணப்படுவதை யூனிட் என்கிறோம். அதனுள்ளே காந்தமும், காந்தத்தின் குறுகிய இடைவெளியில் தொங்கும் மெல்லிய கம்பிச் சுருளும், அச்சுருள் ஒட்டப்பட்ட டயஃப்ரம் என்னும் மெல்லிய தகடும் உள்ளன. ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் மின்னோட்டத்துக்கு ஏற்பச் சுருள் அசைகிறது; தகடு அதிர்கிறது; குழாய் அந்த அதிர்வை வெளிக்காற்றுக்குச் சிந்தாமல் சேர்க்கிறது. சாதாரணப் பெட்டி ஒலிபெருக்கி தான் வாங்கும் மின்திறனில் நூற்றில் ஓரிரு பங்கை மட்டுமே ஓசையாக்கும். குழாயோ பத்துப் பங்கும் அதற்கு மேலும் ஓசையாக்க வல்லது. குழாய் உள்ளுக்குள் மடிந்து திரும்பியிருப்பதற்கும் காரணமுண்டு: நீளம் குறைகிறது; சாரல் மழை நேராகத் தகட்டில் படுவதும் தடுக்கப்படுகிறது.

நல்ல நிலையில் உள்ள ஒரு குழாய்க்கு ஒரே ஒரு வாட் மின்திறன் கொடுத்தால், அதன் வாயிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் சுமார் 105 முதல் 110 டெசிபல் ஓசை கிடைக்கும். திறந்தவெளியில் தொலைவு இரு மடங்காகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். இந்தக் கணக்குப்படி, 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அந்த ஒரு வாட்டே 70 டெசிபலுக்குச் சற்று முன்பின்னாக எட்டும். எதிரெதிரே நின்று இருவர் பேசிக்கொள்வது சுமார் 60 டெசிபல் என்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். மரமும் வீடும் மறைத்துச் சிறிது குறைந்தாலும், அமைதியான ஒரு கிராமத்துத் தெருவுக்கு இது போதுமானது.

இனி மறுபக்கம். மின்திறனை இரு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு அது சிறு வேறுபாடாகத்தான் தோன்றும். ஓசை இரு மடங்கு தொலைவு செல்ல வேண்டுமானால் மின்திறன் நான்கு மடங்காக வேண்டும். ஆகவே, 30 வாட்டை 60 வாட்டாக்கிக் கிழக்குத் தெருவை எட்டிவிடலாம் என்று நாம் எண்ணியது வீண். குளவிக்கூட்டை எடுத்திருந்தால் போதுமாயிருந்தது. அளவு மீறித் திருகைக் கூட்டும்போது ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையைத் தாண்டி, ஒலியலையின் உச்சியை வெட்டிவிடுகிறது. மேற்குத் தெருச் சகோதரர் சொன்ன கரகரப்பு அதுதான். அந்த வெட்டுண்ட அலையே காயிலைச் சூடாக்கிக் கருக்கவும் செய்கிறது.

பழுதும் பரிகாரமும்

அந்த நிகழ்ச்சிக்குப் பின் அனுபவமுள்ள மைக்செட் தொழிலாளர்களிடம் கேட்டும், நாமே பார்த்தும் அறிந்தவற்றை, அடுத்துப் பொறுப்பேற்போருக்குப் பயன்படும் பொருட்டு இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முதலாவது, மைக்கிலிருந்து தொடங்குதல். முகம் திருப்பும் வழக்கம் மைக் முன்னும் தொடர்வதால், அந்த வாசகங்களில் ஓசை தாழ்வதைப் பலரும் பழுதென்று எண்ணுகிறார்கள். மைக்கை வாயிலிருந்து சுமார் ஒரு சாண் தொலைவில், நேர் எதிரே வைத்து, திரும்பும்போது நெஞ்சு அசையாமல் முகம் மட்டும் திரும்பினால் இக்குறை பெரிதும் தீரும். 'கூ' என்ற ஊளை எழுந்தால், குழாயின் ஓசை மைக்கினுள் மீண்டும் நுழைகிறது என்று பொருள். மைக் அறையின் கதவை மூடினாலே பலவேளை அது அடங்கும். 'ம்ம்' என்ற இடைவிடாத முனகல் இருந்தால், மைக் கம்பியின் வெளிவலை அறுந்திருக்கிறதா, எர்த் சரியாக உள்ளதா என்று காண வேண்டும்.

இரண்டாவது, பழுது எங்கே என்று பிரித்தறிதல். எல்லாக் குழாயும் ஊமையானால் குறை ஆம்ப்ளிஃபயரிலோ, ஃபியூஸிலோ, மின் வரவிலோ இருக்கும். ஒன்று மட்டும் ஊமையானால் அதன் கம்பியிலோ யூனிட்டிலோ இருக்கும். காற்றடிக்கும்போது மட்டும் விட்டுவிட்டு ஒலித்தால் எங்கோ முறுக்கு தளர்ந்திருக்கிறது. யூனிட்டைக் கம்பியிலிருந்து விடுவித்து மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், 8 ஓம் எனக் குறிக்கப்பட்ட நல்ல காயில் 6, 7 ஓம் அளவில் காட்டும். ஒன்றுமே காட்டாவிடில் காயில் அறுந்தது; பூச்சியத்தை ஒட்டிக் காட்டினால் உள்ளே ஒட்டிக்கொண்டது. மீட்டர் இல்லாவிடில் டார்ச் லைட் செல் ஒன்றை ஒரு நொடி தொட்டெடுத்தால் போதும். 'டக்' என்று சத்தம் வந்தால் உயிருண்டு. லைன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள குழாயானால், அதைக் கழற்றிய பிறகே இவ்வாறு அளக்க வேண்டும்.

மூன்றாவது, கம்பி. மெல்லிய கம்பி திறனைத் தின்றுவிடும். ஒரு சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியை 50 மீட்டர் தொலைவுக்கு இழுத்தால், போக வர அதன் தடை சுமார் 1.7 ஓம். 8 ஓம் குழாய்க்குப் போகும் திறனில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கம்பியிலேயே வெப்பமாகிப் போகும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் இழப்பு பாதிக்கும் கீழே இறங்கும். தொலைவு அதிகமானால் 100 வோல்ட் லைன் முறையே சிறந்தது. இதில் ஒவ்வொரு குழாயிலும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். கம்பி இழப்பு மிகச் சொற்பம். எல்லாக் குழாய்களின் வாட் கூட்டுத்தொகை ஆம்ப்ளிஃபயரின் திறனைத் தாண்டக்கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத 8 ஓம் குழாய்கள் நான்கை ஒன்றாகச் சேர்த்துக் கட்டினால் சுமை 2 ஓமாகி, ஆம்ப்ளிஃபயர் சூடேறிக் கெடும். ஒரே பக்கம் பார்க்கும் இரு குழாய்களின் கூட்டல், கழித்தல் முனைகளை மாற்றிக் கட்டினால் ஒன்றின் ஓசையை மற்றது தின்றுவிடும்.

நான்காவது, திருகு. குழாயால் மிகத் தாழ்ந்த ஒலியை வெளியிட இயலாது. 'பேஸ்' திருகைக் கூட்டினால் அந்த ஒலி வெளியே வராமல், தகட்டை வீணே உலுக்கிக் கிழிக்கும். பாங்குக்கும் பேச்சுக்கும் பேஸைக் குறைத்தே வைக்க வேண்டும். தெளிவும் கூடும், யூனிட்டும் பிழைக்கும்.

ஐந்தாவது, குழாய்களின் இடம். நம் ஊர் வெயிலில் ஓசை நொடிக்குச் சுமார் 350 மீட்டர் செல்கிறது. 70 மீட்டர் இடைவெளியில் இரு குழாய்களைக் கட்டினால், ஒன்றின் அருகே இருப்பவருக்கு மற்றதன் ஓசை நொடியில் ஐந்தில் ஒரு பங்கு பிந்தி வரும். சொல்லோடு சொல் மோதிக் குழறும். எல்லாக் குழாயையும் ஒரே மினாராவில் கட்டி, வாயைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்தால் ஓசை வானத்துக்குப் போகாமல் தெருவுக்கு வரும், மழைநீரும் தங்காது.

ஆறாவது, வெயிலும் மழையும் துருவும். நம் காரைக்குடியில் அமைந்துள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை அறியாதார் இலர். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948இல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த நிறுவனம் அது. உலோக அரிப்பு அதன் முதன்மையான ஆய்வுத் துறைகளுள் ஒன்று. கடலோர மண்டபத்தில் உலோகங்களைக் காற்றில் வைத்து ஆராய்ந்தவர்கள் அவர்கள். கடற்காற்றின் உப்பு, உலோகத்தை உள்நாட்டைவிடப் பன்மடங்கு விரைவாக அரிக்கும். நாம் கடலிலிருந்து தள்ளி இருப்பது நமக்கு வாய்த்த நன்மை. ஆயினும், அலுமினியக் குழாயில் இரும்பு போல்ட்டை முடுக்கி, இடையே மழைநீர் தங்கினால் இருவேறு உலோகங்களும் சேர்ந்து அரிப்பை விரைவுபடுத்தும். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும், இடையே ஒரு ரப்பர் வாஷரும் போட்டால் இது குறையும். யூனிட்டின் ரப்பர் வளையம் வெயிலில் வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். வலையடித்துக் குளவியையும் மைனாவையும் தடுக்க வேண்டும். கம்பியை அணில் கடித்திருக்கிறதா என்றும் காண வேண்டும்.

ஏழாவது, உயிர்க்காப்பு. 100 வோல்ட் லைன் உயிருக்கு ஆபத்தானது. ஆம்ப்ளிஃபயரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே ஏற வேண்டும். தனியாக ஏறவே கூடாது. இடி மின்னல் வேளையில் ஆம்ப்ளிஃபயரை மின்னிணைப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். மினாராவுக்கு இடிதாங்கியும் நல்ல எர்த்தும் இன்றியமையாதவை.

இவை அனைத்தையும் ஆண்டுக்கு இருமுறை, கோடை மழைக்கு முன் ஒருமுறையும் ரமலானுக்கு முன் ஒருமுறையும் செய்தாலே போதும்.

சட்டமும் அண்டை வீட்டாரும்

கருவியைப் பேணுவதோடு நம் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் பயன்படுத்தக் கூடாது. குடியிருப்புப் பகுதிக்கு வகுத்த அளவு பகலில் 55, இரவில் 45 டெசிபல். பொது இடத்தின் எல்லையில் ஒலிபெருக்கியின் ஓசை அப்பகுதிக்குரிய அளவைவிட 10 டெசிபல் கூடுதலாகவோ, 75 டெசிபலாகவோ, இவற்றில் எது குறைவோ அதற்குள் இருக்க வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டு 30 அன்று, சென்னையில் ஒரு கிறித்தவ சபைக்கும் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச் சங்கத்துக்கும் இடையே எழுந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், பிறரின் அமைதியைக் குலைத்து வழிபடுமாறு எந்த மதமும் விதிக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. 2005 ஜூலை 18 தீர்ப்பு இரவுத் தடையை மேலும் உறுதிப்படுத்தியது. 2020 மே மாதத்தில் அலகாபாத் உயர் நீதிமன்றம், பாங்கு மார்க்கத்தின் இன்றியமையாத பகுதி, ஒலிபெருக்கி அவ்வாறன்று என்று பிரித்துக் கூறியது. கூம்பு வடிவக் குழாய்களுக்கு எதிராகத் தமிழகத்திலும் நடவடிக்கைகள் பலமுறை வந்துள்ளன.

இவ்விதிகள் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானவை. நடைமுறையில் சில இடங்களில் ஒருசாராருக்கு மட்டும் கடுமை காட்டப்படுகிறது என்ற மனக்குறை நம்மவரிடம் உண்டு. அதை முறையாக முறையிடும் உரிமையும் நமக்குண்டு. ஆனால், முறையிடுபவரின் கை தூய்மையாக இருக்க வேண்டும். நம் பகுதியில் ஸுப்ஹு நேரம் ஆண்டு முழுவதும் 6 மணிக்கு முன்பே வருகிறது. ஆகவே, அந்நேரத்தில் வெளிக்குழாயை நிறுத்தி, மோதினாரின் இயல்பான குரலோடும் பள்ளியின் உட்புறப் பெட்டி ஒலிபெருக்கியோடும் அமைவது பற்றி ஜமாஅத்தார் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும்.

இது புதிய தாழ்வன்று. பாங்குக்கு ஒலிபெருக்கியை முதலில் ஏற்ற சிங்கப்பூரில், அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகிய 1970களில், பள்ளிவாசல்கள் தம் ஒலிபெருக்கிகளை உள்நோக்கித் திருப்பிக்கொண்டன. பாங்கு வானொலி வழியே இல்லங்களைச் சேர்ந்தது. 2021 மே மாதத்தில் சவூதி அரேபிய அரசே, வெளி ஒலிபெருக்கிகளைப் பாங்குக்கும் இகாமத்துக்கும் மட்டும் பயன்படுத்தவும், ஓசையை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதிருக்கவும் ஆணையிட்டது.

முத்துராமலிங்க ஞான தேசிகர் தோற்றுவித்த வேதாந்த மடத்தால் புகழ்பெற்றது நம் கோவிலூர். மடத்தின் மணியோசையும் பள்ளியின் பாங்கோசையும் ஒரே காற்றில் கலக்கும் ஊரில் வாழ்கிறோம். அண்டை வீட்டார் உரிமையை மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பதை ஜமாஅத்தாருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

குளவிக்கூட்டை எடுத்து, காயிலையும் ரப்பர் வளையத்தையும் மாற்றி, திருகைப் பழைய அளவில் பாதிக்குக் குறைத்து வைத்தபோது, கிழக்குத் தெருவின் கடைசி வீட்டுக்கும் பாங்கு தெளிவாகக் கேட்டது. மேற்குத் தெருச் சகோதரர் மறுபடி வரவில்லை. கடைவீதியில் கண்டபோது அவரே நின்று, "இப்ப நல்லாருக்கு பாய்" என்றார். அவருடைய அந்தச் சொல்லை, ஆண்டறிக்கையின் அந்த ஒற்றை வரிச் செலவுக்கு நேரே எழுதப்பட வேண்டிய வரவாகவே நாம் கருதுகிறோம்.

இனி வரும் ஆண்டுகளில் அந்தச் செலவை எவரும் வீண் என்று எண்ண வேண்டாம். நிர்வாகமும் அதைக் காலந்தாழ்த்த வேண்டாம். நம் அழைப்பு எவரையும் வருத்தாமல், எவரையும் விட்டுவிடாமல், தெளிவாக ஒலிக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.